கார்டில் மூத்த தம்பி

டெல்லியிலிருந்து ஆசிரியர் யமுனா அழைத்தபோது, அனுராதா கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டு மிளகுத் தோட்டம் ஒன்றில் சிக்னல் கிடைத்த ஒரே மேட்டில் அசையாமல் நின்றிருந்தாள். சர்வதேசச் செய்தி நிறுவனத்துக்கு அவள் அனுப்பிய முதல் செய்தி. உலகச் சந்தையில் மிளகு விலை ஏறியது பற்றியது. வியட்நாம், பிரேசில், மூன்றாவதாகக் கொல்லிமலை. புறாவின் காலில் சந்தை விலையைக் கட்டி அனுப்பிய காலத்து நிறுவனம் அது. அது தருவதை நூற்றுக்கணக்கான பத்திரிகைகள் அப்படியே அச்சடிக்கும். தவறையும்தான்.

“அக்கா கண்ணாயிக்கு ஐம்பத்தொண்ணு, தம்பி பொன்னனுக்கு ஐம்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்க,” என்றாள் யமுனா.

“ரெண்டு பேர் ஆதார் கார்டையும் பாத்துத்தானுங்க எழுதுனேன்.”

“மூணு மணிக்குள்ள சரியாகணும். இல்லேன்னா கொல்லிமலையை எடுத்துட்டுக் கேரளாவைப் போட்டுடுவேன்.”

மணி இரண்டே முக்கால். அனுராதா ஸ்பீக்கரைப் போட்டாள்.

ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்த பொன்னன் சிரித்தார். “கார்டுக்கு எழுத வந்தவரு வயசு கேட்டாருங்க. எனக்கென்ன தெரியும்? என்ற தாடியைப் பாத்து அவரே ஒண்ணு போட்டுக்கிட்டாரு.”

“அன்னைக்கிலருந்து ஊட்டுல இவன்தான் மூத்தவனாமா!” என்றார் கீழே நின்ற கண்ணாயி. “ஏனுங்க டெல்லியம்மா, நான் இடுப்புல தூக்கிச் சுமந்தப்ப இவன் பால்பல்லுல கடிச்ச தழும்பு இன்னும் என்ற தோள்ல கெடக்குதுங்க.”

“உங்க வயசாவது சரிதானா?” என்றாள் யமுனா.

“அதுவும் அவரு குத்துமதிப்பாப் போட்டதுதானுங்க.”

சிக்னல் போய்விட்டதோ, கேரளாவே வந்துவிட்டதோ என்று அனுராதா போனின் திரையைப் பார்த்தாள்.

“இருக்கேன்,” என்றாள் யமுனா. சிரிப்பை அடக்கிய குரல். “தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாது, அவ்வளவுதான். யார் என்ன சொன்னாங்களோ, அவங்க பேரைப் போட்டு அப்படியே எழுதுங்க.”

கார்டு சொன்னது, பொன்னன் சொன்னது, கண்ணாயி சொன்னது. மூன்று வரிகளை அனுப்பியபோது மணி இரண்டு ஐம்பத்தேழு.

நாலு மணிக்குச் செய்தி வெளியானது. கொல்லிமலை இருந்தது. விலைப் பத்தியில் பாதியை வெட்டியிருந்தார்கள். தாடி வரியில் கை வைக்கவில்லை. அனுராதா இருவருக்கும் தமிழில் படித்துக் காட்டினாள்.

“பிரேசில்லயும் படிப்பாங்களா?” என்றார் பொன்னன்.

“படிப்பாங்க.”

கண்ணாயி முந்தானையை இழுத்துச் செருகினார். “அப்ப ஒலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. அக்கா சொல்றேன், அடுத்த மரத்துக்கு ஏணியைத் தூக்குடா சாமி.”

பொன்னன் மறுபேச்சில்லாமல் தூக்கினார்.