விட்டும் விடாத நினைவகம்

நான் எழுதிய நிரல் வரிதான். வேறு யாருடைய வரியாகவாவது இருந்திருக்கக் கூடாதா?

சண்முகப்ரியா சோதனைத் திரையை மறுபடியும் பார்த்தாள். மருத்துவமனைகளில் படுக்கையருகே வைக்கும் திரையில் கோடுகளையும் எண்களையும் வரைகிற கிராஃபிக்ஸ் டிரைவர் மென்பொருள் அது. வேலை முடிந்ததென்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை அது இன்னும் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே வேறொரு செயலியின் தகவல் குடிவந்துவிட்டது. நாலாயிரம் சோதனை ஓட்டத்துக்கு ஒருமுறை, இதயத்துடிப்புக் கோட்டுக்கு நடுவே சம்பந்தமில்லாத எழுத்துகள் முளைத்தன. விஷயம் தெரிந்தவன் அந்த வழியாக உள்ளே புகுந்து எண்களையே மாற்றிவிடலாம்.

மார்ச்சில் அவசரமாக எழுதியது. அன்று ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தால்? மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்திருந்தாள்.

குழுத் தலைவர் அருள்குமார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, இன்னும் முடியலீங்களா? நாளைக்கு ஆடி ஒண்ணு. ஆடில புதுசா எதையும் தொடமாட்டேன்னு கஸ்டமர் ஒத்தக் கால்ல நிக்கறாரு. நாலு மணிக்குள்ள அனுப்பலீன்னா ஒரு மாசம் போச்சுங்க."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "மாட்டை வித்துப்போட்டு, கயித்தை மட்டும் உடாமப் புடிச்சிருக்குதுங்க. வாங்குனவரு மாட்டை நாம இழுத்துட்டு இருக்கறோம்."

"பொள்ளாச்சிக்காரங்க எங்க போனாலும் மாட்டுச் சந்தையை உடமாட்டீங்களே!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலாயிரத்துல ஒண்ணுதானுங்களே? ஆவணில சரி பண்ணிக்கலாம். அனுப்பற படிவத்துல பாதுகாப்புக் குறை இல்லைன்னு டிக் போட்டு, சோதிச்சவங்க இடத்துல உங்க பேரைப் போடுங்க. அந்த வரியை எழுதுனது யாருன்னும் ஒருத்தரும் நோண்டமாட்டாங்க."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குக் காது சுட்டது. ஒரு நொடி ஆசையாகக்கூட இருந்தது. ஒரு டிக். அப்புறம் ஒரு மாதம் நிம்மதி. ஆனால் அந்த மாதம் முழுக்க எத்தனை படுக்கைகளின் அருகே அந்தத் திரை எரியும்? முகம் தெரியாத ஒரு நர்ஸ் அதில் தெரியும் எண்ணை நம்பி மருந்தைக் கூட்டுவாள், குறைப்பாள்.

"எழுதுனது நான்தானுங்க," என்றாள். "அதையும் சோதனைக் குறிப்புல எழுதிப்போட்டேன்."

அருள்குமாரின் சிரிப்பு நின்றது. "செரி, அது கெடக்கட்டும். மொதல்ல டிக் போடுங்க. மணி மூணே முக்கால்."

மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "நான் போடமாட்டேனுங்க."