ஊழியர் கேட்கவில்லை

லிஃப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தின் அவசர அழைப்பு அறையில் ஆறு மேசைகள். ஜன்னலை ஒட்டிய மேசை பத்தொன்பது வருடமாக மாடியக்காவுடையது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு பதறி அழைப்பவர்களிடம் அவர் முதலில் கேட்பது "எத்தனாவது மாடி?" என்பதுதான். அதனால் வந்த பெயர். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

முகவரியைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கை அனுப்புவதோடு வேலை முடிந்துவிடும் என்றுதான் விதி. மாடியக்கா முடித்ததில்லை. மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே இருப்பார். ஒருமுறை வீடு மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் தன்னைவிட உயரமான இரும்பு அலமாரியோடு ஐம்பது நிமிடம் உள்ளே சிக்கிக்கொண்டார். அந்த அலமாரியில் எத்தனை தட்டு, எந்தத் தட்டில் என்ன வைப்பீர்கள், பூட்டு சரியாக விழுமா என்று கேட்டே அவரை மூச்சுவிட வைத்தார் மாடியக்கா. அலமாரிக்கே ஆறுதல் சொன்ன ஆள் என்று மற்ற மேசைக்காரர்கள் ரொம்ப நாள் கிண்டல் செய்தார்கள்.

அவருக்கு இரண்டு காதிலும் கேட்புக் கருவி உண்டு என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அது ஒரு விஷயமாக இருந்ததில்லை. பழைய மேசைத் தொலைபேசியின் ரிசீவரைக் காதுக்குச் சற்று மேலே, கருவியின் மைக் இருக்கும் இடத்தில் சாய்த்துப் பிடித்துக்கொள்வார். இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பதுதான் சூட்சுமம் என்பார்.

வருடத் தொடக்கத்தில் மேசைத் தொலைபேசிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறு பேருக்கும் ஆறு ஸ்மார்ட்போன், கூடவே காதை மூடும் ஹெட்செட். அழைப்புகள் இனி செயலி வழியாக வரும், எல்லாம் பதிவாகும். ஹெட்செட்டை மாட்டினால் மாடியக்காவின் கருவி பால் குக்கர் போல விசிலடித்தது. கழற்றிவிட்டுப் போனை நேராகப் பிடித்தால், பேசுகிறவரின் குரல் தகர டப்பாவுக்குள் உருளும் கூழாங்கல் மாதிரி வந்தது. மூன்றாவது வாரம் கட்டட எண் பதினாலு என்று சொன்னதைப் பதினேழு என்று எழுதிவிட்டார். மெக்கானிக் மூன்று கட்டடம் தள்ளிப் போய் நின்றார். உள்ளே இருந்த பெண் நாற்பது நிமிடம் கூடுதலாக இருட்டில் இருந்தாள். தப்பு தன்னுடையதுதான் என்று மாடியக்காவே எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பதிலாக வந்த கடிதம் முப்பது நாள் மதிப்பீட்டுக் காலம் என்றது. பதிவான அழைப்புகளைக் கேட்பார்கள். ஒரே அழைப்பில் இரண்டு தடவைக்கு மேல் "மறுபடி சொல்லுங்க" என்றால் ஒரு குறை. பத்துக் குறை சேர்ந்தால் கீழ்த்தளத்தில் இருக்கும் உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம். சம்பளம் அதேதான். ஆனால் அங்கே பேச ஆள் கிடையாது, நட்டும் போல்ட்டும்தான் இருக்கும்.

கடிதத்தின் கடைசி வரி நல்ல செய்தி மாதிரி இருந்தது: தேவையான உதவிச் சாதனம் எதையும் ஊழியர் இந்தக் காலத்துக்குள் கேட்டுப் பெறலாம்.

மாடியக்கா கேட்டார்.

முதலில் வந்தவர் சிஸ்டம்காரர். கட்டடத்தின் கணினிகளுக்கும் போன்களுக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவர், பொறுமைசாலி. புகாரைப் பதிந்துகொண்டு மேசைக்கே வந்து உட்கார்ந்தார். கருவி வாங்கிய டப்பாவில் புளூடூத் என்று அச்சிட்டிருந்தது. போனிலும் புளூடூத் இருந்தது. ரெண்டு நிமிஷ வேலை என்று அவர் சொன்னது மனமறிந்த பொய்யல்ல.

கருவியின் பேட்டரி மூடியைத் திறந்து மூட வேண்டும். மூடியதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் போன் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடித்தது. 'இடது', 'வலது' என்று இரண்டு பெயர்கள் திரையில் வந்தன. இரண்டின் கீழும் 'இணைக்கப்பட்டது' என்று விழுந்தது. மாடியக்காவின் காதுக்குள் சின்னதாக ஒரு மணி அடித்தது. போன் திரையில் விரலைத் தேய்த்தால் காதுக்குள் சத்தம் ஏறியது, இறங்கியது. சிஸ்டம்காரர் அறையின் மறுகோடிக்குப் போய்த் தன் போனிலிருந்து அழைத்தார். மாடியக்கா எடுத்தார். சிஸ்டம்காரரின் குரல் காதுக்குள் வரவில்லை. மேசைமேல் கிடந்த போனிலிருந்து, பழையபடி, கூழாங்கல்லாக வந்தது.

"அக்கா, கேட்குதா?"

"நீங்க அங்க நின்னு கத்தறது கேட்குது. போன்ல வரலை."

அழித்துவிட்டு மறுபடி இணைத்தார். போனை அணைத்து எழுப்பினார். கருவியின் செயலியை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். ஒரு காதை மட்டும் இணைத்துப் பார்த்தார். ஐந்து நாளும் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "அக்கா, காதைக் கழட்டி மாட்டுங்க" என்று அவர் சொல்வதும், அடுத்த மேசைக்காரர் "மூக்கு வேணாமா சிஸ்டம்?" என்று கேட்பதும் வழக்கமாகிப்போனது. ஒவ்வொரு முறையும் திரை இணைக்கப்பட்டது என்றது. ஒவ்வொரு முறையும் காது இல்லை என்றது. நான்காம் நாள் சிஸ்டம்காரர் திரையைப் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்தார், ஒழுங்காக வேலை செய்திருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சியாக.

வீட்டிலும் சோதனை நடந்தது. கணவர் சமையலறையில் நின்று அழைப்பார், மாடியக்கா கூடத்தில் எடுப்பார். "இருபத்தாறு வருஷமா நேர்ல சொல்றதையே நீ கேட்டதில்ல. போன்ல சொன்னா மட்டும் கேட்டுடுவியா?" என்றார் மனிதர். மாடியக்கா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஐந்து வேலைநாளுக்கு மேல் திறந்திருக்கும் புகார் சிஸ்டம்காரரின் பெயருக்கு எதிரே சிவப்பாகத் தெரியும். ஆறாம் நாள் காலையில் அவர் இதை மூடினார். தீர்ந்துபோனதாக அல்ல, வேறு வழி கிடைத்ததும் புதிதாகத் திறந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில். மூடும்போது காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. அந்தக் கட்டம் மெய்யின் புள்ளியையும், கொம்பையும், காலையும்கூடத் தனித்தனி எழுத்தாக எண்ணும். ஊழியருக்கு என்ன தரப்பட்டது என்பதை முதலில் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் மூடாது. "ஆலோசனை தரப்பட்டது. ஊழியருக்குக் கேட்கவில்லை." என்று அடித்தார். நாற்பத்துநாலு என்று சிவப்பில் காட்டியது. நடுவில் கொஞ்சம் குறைத்தார். "ஆலோசனை தரப்பட்டது. ஊழியர் கேட்கவில்லை." முப்பத்தெட்டு. மூடிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் மாடியக்கா அரைநாள் விடுப்பெடுத்துக் கருவி வாங்கிய கடைக்குப் போனார். கருவி பொருத்தும் பெண் இரண்டையும் கழற்றி, தன் மேசை விளக்கடியில் வைத்து, மாடல் எண்ணைப் படித்தாள். போனின் மாடலைக் கேட்டாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள். இந்தக் கருவி இந்தப் போனோடு பேசும், ஆனால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டும். அழைப்பின் குரலை வேறு வகைப் போனிலிருந்துதான் வாங்கிக்கொள்ளும்.

"ரெண்டுலயும் புளூடூத்துன்னுதானே போட்டிருக்கு?"

"ஒரே பேரு இருந்தா சொந்தக்காரங்களாம்மா? என் பேர்ல இந்தத் தெருவுலயே நாலு பேர் இருக்காங்க."

வழி இரண்டுதான் என்றாள். ஒன்று, அவள் எழுதித்தரும் பட்டியலில் உள்ள ஒரு போன். அல்லது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுப் பெட்டி. அது எந்தப் போனிலிருந்தும் குரலை வாங்கிக் காதுக்கு அனுப்பும். கடையில் இருந்த ஒன்றை மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கி நின்று அழைத்தாள். மாடியக்காவின் இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளேயே அவள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. பின்னால் போன பேருந்தின் சத்தம்கூட வேறாகப் பிரிந்து கேட்டது. "லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் மூன்று தடவை கேட்ட பிறகுதான் "இருக்கேன்" என்றார் மாடியக்கா.

கடையின் முத்திரை போட்ட கடிதத்தோடு மறுநாள் சிஸ்டம்காரரிடம் போனார். அவர் படித்தார், முகம் மலர்ந்தது, இவ்வளவுதானா என்றார். பெட்டியை வாங்கித்தரக் கேட்டுவிடலாம் என்றார். புகாரைத் திறக்கப் போனபோதுதான் மூடியதைத் திறக்க முடியாது என்பது தெரிந்தது. அதே ஊழியர், அதே புகார், முப்பது நாளுக்குள் என்றால் புதிதாகவும் பதிய முடியாது, நகல் என்று தள்ளிவிடும். மூடிய புகாரோடு காகிதம் எதையும் சேர்க்கவும் முடியாது. யோசிக்கிறேன் என்று கடிதத்தை இழுப்பறையில் வைத்தார். மாடியக்கா அதன் பிறகு மூன்று தடவை அவரிடம் கேட்டார். மேலாளரை வராந்தாவில் நிறுத்தி இரண்டு தடவை கேட்டார். "பார்க்கலாம்மா" என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. இருபத்தாறாம் நாள் குறைகள் பத்தைத் தொட்டன.

முப்பதாம் நாள் மேலாளரின் அறையில் மேலாளரும், பணியாளர் பிரிவு அம்மையாரும் இருந்தார்கள். சாட்சிக்குச் சிஸ்டம்காரர். கதவு மூடிய, மின்விசிறி ஓடாத சின்ன அறை. அங்கே பேசியது ஒரு சொல் விடாமல் மாடியக்காவுக்குக் கேட்டது. அம்மையார் மேலாளர் பக்கம் சாய்ந்து, "நல்லாத்தானே கேட்குது இவங்களுக்கு" என்று முணுமுணுத்ததும் கேட்டது.

அம்மையார் புகாரின் பதிவைப் படித்தார். ஆலோசனை தரப்பட்டது. ஊழியர் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். சொன்ன யோசனைப்படி ஊழியர் நடக்கவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். உதவிச் சாதனம் ஏதும் கேட்டுப் பெற்றதாகவும் பதிவில்லை. அதற்கும் அதே வரி பொருந்தியது. ஊழியர் கேட்கவில்லை.

மாடியக்கா, கேட்டேன் என்றார். யாரிடம், எப்போது, எத்தனை தடவை என்று நாள்வாரியாகச் சொன்னார். அழைப்பு எடுக்கிறவரின் ஞாபகம் அது. கடைக்காரக் கடிதத்தைப் பற்றியும் சொன்னார். பதிவில் இல்லையே என்றார் அம்மையார். மேலாளருக்கு வராந்தாவில் பேசிய ஞாபகம் இருந்த மாதிரியும் இல்லாத மாதிரியும் இருந்தது.

மாடியக்கா சிஸ்டம்காரரைப் பார்த்தார். "தம்பி, எனக்குக் கேட்கலைன்னுதானே எழுதினீங்க? அதைச் சொல்லுங்க."

சிஸ்டம்காரர் மேசைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கேட்கவில்லை என்றுதான் எழுதினேன் என்றால், தீராத புகாரை மூடியதாக ஆகும். அதை அந்த அறையில் அவர் ஒருவர்தான் அறிவார். மாடியக்காவும் இப்போது அறிந்துகொண்டார்.

"அது, ரெண்டு மாதிரியும் படிக்கலாம் சார்" என்றார் சிஸ்டம்காரர்.

மேலாளர் கெட்டவரல்ல. உங்கள் தரப்பை எழுதியே கொடுங்கள், சேர்த்துவிடுகிறேன் என்று ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினார். நீளமாக எழுத மாடியக்காவுக்கு அப்போது கை வரவில்லை. இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பினார். மேலாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார்.

"எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்டேன்."

மறுபடி ஒரு தடவை மனதுக்குள் படித்தார். நிஜமாகவே குழம்பியவராக நிமிர்ந்தார்.

"கேட்கலைங்கறீங்க, கேட்டேன்ங்கறீங்க. இதுல எதும்மா உண்மை?"

மாடியக்கா பேனாவை மூடி அவர் பக்கமே தள்ளிவைத்தார். அதை என்னவென்று எழுதுவது என்று அம்மையார் ஒரு கணம் யோசித்துவிட்டு, எழுதினார்.

மாற்ற உத்தரவு அன்று பிற்பகலே வந்தது. போனைத் திருப்பிக் கொடுக்க மாடியக்கா சிஸ்டம்காரரின் மேசைக்குப் போனார். பழுதுக்கு வந்த இரண்டு கணினிகளோடு மூன்று பேர் அங்கே காத்திருந்தார்கள். சிஸ்டம்காரர் அவர்களை நிற்கச் சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து கடைக்காரக் கடிதத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் மேசை விளிம்பில் வைத்தார். மாடியக்கா அதை எடுக்கவில்லை.

போனின் பட்டியலில் இடதும் வலதும் இருந்தன. இரண்டின் கீழும் இணைக்கப்பட்டது என்றே இருந்தது. சிஸ்டம்காரர் இடதைத் தொட்டார். இந்தச் சாதனத்தை மறக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினார். வலதுக்கும் கேட்டது. அழுத்தும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், காற்றில் கலக்கும் அளவுக்குத் தணிந்த குரலில், "மன்னிச்சிடுங்கக்கா" என்றார்.

மூன்றடி தூரம். வலது காது அவர் பக்கம் இருந்தது.

"என்ன சொன்னீங்க தம்பி?"

சிஸ்டம்காரர் நிமிர்ந்தார். காத்திருந்த மூன்று பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றார், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. "அழிச்சுட்டேன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றார் மாடியக்கா.