ஊருணிப் படியில் கால் பார்த்தவள்

“ஏட்டி, பாவாடைய ஒசத்து! காலப் பாக்காம ஒன்ன எறங்க வுட மாட்டேன்!”

“யாரப் பாத்து ‘ஏட்டி’ங்கிற? காவலுக்கு நிக்கவளுக்கு எம்மவ காலு கேக்குதோ?”

ஊருணிப் படியில் கம்பைக் குறுக்கே நீட்டி நின்றவள் சொர்ணத்தாய். மேலே நின்று கத்தியவள் தலைமையாசிரியர் வேதமாணிக்கத்தின் மனைவி சந்தனமேரி. நடுவில் வெறுங்குடத்தோடு தலையைக் குனிந்து நின்றாள் மகள் எஸ்தர்ராணி. விவரம் தெரியாவிட்டால் சண்டை ருசிக்காது, சொல்லிவிடுகிறேன்.

கோடை வந்தால் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்குக் காலில் கொப்புளம் உடைந்து நரம்புச்சிலந்திப் புழு நூல்போலத் தலைநீட்டும். அதைக் குச்சியில் தினம் ஒரு சுற்றாகச் சுற்றி இழுத்துக்கொண்டு கிடப்பார்கள். புண்ணுக்கால் ஊருணியில் பட்டால் புழு அங்கே குஞ்சு விடும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு அடுத்த கோடையில் புறப்படும் என்று ஐம்பத்தெட்டில் வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னார். ஒரே ஒரு கோடை புண்ணுக்கால் படாமல் காத்தால் போதுமாம்.

அதற்காகக் கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். முதல் கூட்டத்தில் ஜெபம் முந்தியா, விபூதி முந்தியா என்றே பாதி நேரம் போயிற்று. வேதமாணிக்கம் தலைவர், சோலைமுத்து உபதலைவர். காவல் வேலை சொர்ணத்தாய்க்கு. அவள் புருஷன் சிவனாண்டிக்குச் சிலந்தி வந்து முழங்கால் மடங்காமலே போனது. அந்த வயிற்றெரிச்சலில், கல்யாண வயதிலிருந்த மகள் அழகுத்தாயாவது தப்பட்டும் என்று நின்றாள். பங்குனியிலிருந்து பதின்மூன்று பேரைத் திருப்பி அனுப்பி, அவர்களுக்கும் சேர்த்துத் தானே தண்ணீர் சுமந்தாள்.

எஸ்தர்ராணியைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவள் படியிறங்காமல் நின்றாலே காலில் சிலந்தி என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்று தாய்க்காரி வேண்டுமென்றே அவளை அனுப்பினாள். ஆனால் அவள் காலில் வேப்பிலைக் கட்டும் குச்சியும் இருந்ததை வேலி இடுக்கு வழியாக முந்தின நாளே நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைச் சொர்ணத்தாயிடம் சொல்லாமல் இருப்பேனா?

சந்தனமேரி கம்பைத் தட்டிவிட்டாள். மகள் கணுக்கால் முங்க இறங்கிக் குடத்தை நிறைத்துக்கொண்டு ஏறினாள்.

“போச்சு, எல்லாம் போச்சு!” என்று சொர்ணத்தாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் சங்கம் கூடியது.

“பொம்பளப் பிள்ளை காலப் பாக்கவா சங்கம் வச்சோம்?” என்றார் வேதமாணிக்கம்.

“போன வாரம் எம் மருமவ காலப் பாத்தப்ப இந்த ஞாயம் எங்க போச்சு சார்?” என்று சோலைமுத்து சிரித்தார். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு வாடகைக்கு விட்ட நிலம் அவருடையது. தலைவரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை.

சொர்ணத்தாய் கும்பிட்டாள். “யார் காலையும் காட்டாண்டாம் சார்வாள். இந்தக் கோட முடியட்டும், தோட்டத்துக் கெணத்துல தண்ணி எடுங்கன்னு ஊருக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்.”

“அப்படிச் சொன்னா எம்மவளுக்குச் சிலந்தின்னு நானே தமுக்கடிச்ச மாதிரிதான? புண்ணப் பாத்தது யாரு?”

அவள் என் பக்கம் திரும்பினாள். “மதினி, நீங்கதான சொன்னீங்க?”

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பியூன் வேலை.

“நான் ஒண்ணையும் பாக்கலியே தாயி,” என்றேன். ஊர் விஷயம் எதையும் வாய்க்குள் வைத்திருந்து பழகாதவள், அன்றைக்கு ஒருநாள் மட்டும் வைத்துக்கொண்டேன்.

சொர்ணத்தாய் மன்னிப்புக் கேட்க வேண்டும், காவல் வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. கோயிலும் சர்ச்சும் ஒரே மனதாகக் கை தூக்கியது அன்றுதான்.

அடுத்த பங்குனியில் இருபத்தாறு வீட்டில் புறப்பட்டது. எனக்கு வலது காலில் இரண்டு. சொர்ணத்தாய் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடித்தார்கள். பருத்தி எடுக்கப் போன காட்டில் ஊருணித் தண்ணீரை யார் வடிகட்டித் தருவது? அழகுத்தாய்க்கு முழங்காலிலேயே புறப்பட்டது. அப்பனைப் போலவே அவளுக்கும் கால் மடங்கவில்லை. கழுகுமலையில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்து, அவள் நடப்பதைப் பார்த்துவிட்டு, காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள்.

எஸ்தர்ராணிக்கு அதற்கு முந்தின ஆவணியிலேயே கல்யாணம் முடிந்திருந்தது. தூத்துக்குடியில் தெருவுக்குத் தெரு குழாயாம். அழகுத்தாயை நாகலாபுரத்தில் ஒரு ரெண்டாந்தாரக்காரனுக்குக் கொடுத்தார்கள். சொர்ணத்தாயும் சிவனாண்டியும் தீப்பெட்டி ஒட்டக் கோவில்பட்டிக்குக் குடிபோனார்கள். புறப்பட்ட அன்று தெருவில் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சந்தனமேரி வீட்டில்கூட நின்று சொன்னாள்.

என் வாசலில் நிற்கவில்லை.