ஆணிக்குச் சேர வேண்டிய கோட்டு

1. புறப்படுமிடம்

"அப்பா, இந்தக் கோட்டு உங்களுக்கு ரொம்பப் பெருசா இருக்கே. யாருது?"

பரணிலிருந்து இறங்கிய மழைக்கோட்டைப் பார்த்து ஐந்து வயதுப் பெண் ஒருத்தி ஒருநாள் இப்படிக் கேட்டாள். "மழையோடது," என்றார் அப்பா. அவள் நம்பிவிட்டாள். அதன்பின் நாலு தூறல் விழுந்தாலும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். தன் கோட்டைக் கேட்டுக்கொண்டு மழை உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் இதைப் பயண அலுவலகம் ஒன்றில், கையில் நாற்பத்திரண்டாம் எண் டோக்கனோடு, எனக்கு முன்னால் இருந்த நாற்பத்தொன்றாம் எண்காரரிடமிருந்து ஒட்டுக்கேட்டேன். ஒட்டுக்கேட்பது பாவம். எனவே கேட்டதைக் கூடியவரை கெடுக்காமல் எழுதிப் பாவத்தைக் கழிக்கப் பார்க்கிறேன்.

2. கைவிட்ட தொடக்கங்கள்

"மூன்று மாநகரங்களின் வெளிச்சத்தையும் ஒரு மலைக்காட்டின் மௌனத்தையும் ஒரே பையில் அடைத்துவிட முடியும் என்று அந்த முதியவர் நம்பி..." (நிறுத்திவிட்டேன். அவர் பையில் இரண்டு சட்டையும் மூட்டுவலித் தைலமும்தான் இருந்தன. வெளிச்சம், மௌனம் எல்லாம் நான் திணித்தது.)

"மலை அவரை அழைத்தது." (மலை யாரையும் அழைப்பதில்லை. அது பாட்டுக்கு இருக்கிறது.)

"அவர் வாழ்க்கை முழுவதும் மேலும் கீழுமாகவே..." (இது பரவாயில்லை. ஏனென்றால் அவர் லிஃப்ட் மெக்கானிக்.)

3. ஆள் அறிமுகம்

நாற்பத்தொன்றாம் எண்காரர், ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் நடுமாடி. ஒருமுறை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனபோது, உள்ளே மாட்டிக்கொண்ட இவர் கூச்சல் போடாமல் நான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறார். அன்று வந்த பெயர் இன்றுவரை இறங்கவில்லை.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவள் அவருடைய மகள். கோட்டு யாருடையது என்று கேட்ட அதே பெண். இப்போது வயது முப்பத்தொன்று. ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

"அப்பா, இதுக்குப் போய் டோக்கன் எடுத்து உக்காந்திருக்கீங்களே! வீட்லயே சொல்லக் கூடாதா?"

"வீட்ல நீ பொண்ணு. நான் சொன்னா 'சும்மா இருங்கப்பா'ம்ப. இங்க நான் வாடிக்கையாளர். நீ 'உட்காருங்க சார்' சொல்லணும்."

"உட்காருங்க சார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. பக்கத்து மேசைக்காரி சிரிப்பை அடக்க பேனாவைக் கீழே போட்டு, அதை வெகுநேரம் தேடினாள்.

(இந்த மனிதர் எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தார். இவ்வளவு நல்லவராகக் காட்டினால் வாசகர் நம்புவாரா? ஒரு கெட்ட குணமாவது வேண்டுமே என்று காத்திருந்தேன். கிடைத்தது. அடுத்த பகுதியில் பொய் சொல்லுவார்.)

4. படிவம்

அந்த அலுவலகப் படிவத்தில் ஒவ்வொரு ஊருக்கும் நேரே மூன்று கட்டங்கள் உண்டு: ஏறுமிடம், தங்குமிடம், இறங்குமிடம். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று எழுதுவதற்குத்தான் அந்தக் கடைசிக் கட்டம். நம்மவருக்கு 'இறங்குமிடம்' என்றால் ஒரே அர்த்தம்தான்.

"முதல் ஊர். இறங்குமிடம், இருபத்திரண்டாவது மாடி?" மகள் படித்தாள். "ரயில் அங்கெல்லாம் போகாதுப்பா."

"நான் மாட்டின லிஃப்ட் போகும்."

"ரெண்டாவது ஊர், பதினாலு. மூணாவது ஊர், முப்பத்தாறு, பிராக்கெட்ல 'கதவு கொஞ்சம் இழுக்கும்'." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீங்க மாட்டின லிஃப்டையெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு வரணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதான்," என்றார். பொய்.*

நாலாவது வரிக்கு வந்தபோது அவள் சிரிப்பு நின்றது. 'மலை, காட்டுப் பாதை, மேல் குடில்' என்று எழுதியிருந்தது. பயணிகள் எண்ணிக்கை ஒன்று. ஏறுமிடம் இருந்தது. கடைசி வரி என்பதால் திரும்பி வந்து சேருமிடத்தை எழுத வேண்டிய இறங்குமிடம் காலி.

* இந்தப் பொய்யை மன்னிக்கலாம் என்பது என் கட்சி. மனைவிக்குப் பயந்து சொன்ன பொய் என்பதால் மட்டுமல்ல. கொஞ்சம் பொறுங்கள்.

5. இங்கே வண்டி நிற்காது

(இந்த இடத்தில் மலையை வர்ணித்து ஒரு பக்கம் எழுதினேன். பனி, மூங்கில், பறவை எல்லாம் இருந்தன. மகளின் முகம் அங்கே அப்படி இருக்கும்போது பறவையைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? கிழித்துவிட்டேன்.)

6. காலிக் கட்டம்

"அப்பா." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "திரும்பி வர்ற எண்ணம் இல்லையா உங்களுக்கு?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"இங்க ஏன் காலியா விட்டிருக்கீங்க?"

அவர் கண்ணாடியை மேலேற்றிப் படிவத்தைப் பார்த்தார். "மலையில மாடி ஏதும்மா? எத்தனாவது மாடின்னு எழுதச் சொல்ற?"

அவள் அழுதாளா, சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. கைக்குட்டை மறைத்துவிட்டது.

"மூட்டு இருக்கிற இருப்புல படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மலை ஏறப் போறாராம், அதுவும் தனியா! எதுக்குப்பா?"

அவர் சட்டைப்பையிலிருந்து செய்தித்தாளில் கத்தரித்த ஒரு துண்டை எடுத்து நகர்த்தினார். மேல் குடில் பழுதாகிவிட்டதால் இந்த மாதக் கடைசியில் பிரித்து எடுக்கப்போகிறார்கள் என்றிருந்தது அதில்.

"கோட்டைக் குடுக்கணும்," என்றார்.

"எந்தக் கோட்டு?"

"மழையோடது."

7. கோட்டின் கதை (குறுக்குவழி)

முப்பத்தொரு வருடங்களுக்கு முன், மலைமேல் சாமான் ஏற்றும் கயிற்று இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போயிருந்தார். அடைமழை. வீட்டில் வலி எடுத்துவிட்டது என்று குடிலுக்குத் தகவல் வந்தது. அங்கிருந்த காவல்காரர் ஆணியில் தொங்கிய தன் ஒரே கோட்டை எடுத்து இவர் தோளில் போட்டு, "திரும்பி வரும்போது குடுங்க, போதும்," என்றார். இவர் மலையிறங்கி வீடு வந்து சேர்ந்த அரை மணியில் மகள் பிறந்தாள்.

"அடுத்த மாசம் போலாம், அடுத்த மாசம் போலாம்னே இருந்தேன். அப்புறம் வெக்கமாயிடுச்சு. அந்த மழைக்காலம் பூரா அந்த மனுஷன் எதைப் போட்டுக்கிட்டு நின்னாரோ! மலைக்கு மட்டும் போறேன்னா உங்க அம்மா விடமாட்டா. அதான் மூணு ஊரைச் சேத்துக்கிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? நேத்தே எனக்கு போன் பண்ணிட்டாங்க. 'அந்தக் கோட்டுக்கு முப்பது வருஷமா பூச்சி உருண்டை போட்டு எனக்கு அலுத்துப்போச்சு. எங்கயாவது கொண்டுபோய்த் தொலைக்கச் சொல்லு. ஆனா பத்திரமா கூட்டிட்டுப் போ'ன்னாங்க. எந்தக் கோட்டு, எங்க போறதுன்னு எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

நடுமாடி மகளைப் பார்த்து விழித்தார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றபோதுகூட அவர் இப்படி விழித்திருக்க மாட்டார்.

"அந்தக் காவல்காரர் இன்னும் இருக்காரா?"

"கேட்டேன். போய்ச் சேந்து ஒம்பது வருஷமாச்சாம். பிள்ளைகுட்டி இல்ல."

"அப்ப யார்கிட்டப்பா குடுப்பீங்க?"

"ஆணியிலேருந்து எடுத்தது. ஆணிக்குக் குடுத்துட்டா சரியாப்போச்சு."

8. திட்டம்

அடுத்த கால் மணி நேரம் அவள் வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று ஊரையும் அடித்தாள். "ஊரெல்லாம் சுத்திட்டு மலைக்குப் போனா மூட்டு அடிவாரத்துலயே கைவிட்டுடும். மலை முதல்ல. அப்புறம் ஒரே ஒரு ஊரு. எது வேணும்?"

"கதவு இழுக்குற ஊரு."

காட்டுப் பாதையின் உயரத்தை மாடிக் கணக்காக மாற்றினாள். எண்பது மாடி. ஆறு மாடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும், பேச்சே இல்லை. அடிவாரத்தில் ஒரு இரவு, வழியில் ஒரு இரவு. பயணிகள் எண்ணிக்கையில் 'ஒன்று' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதினாள். கடைசியாக, காலியாக இருந்த இறங்குமிடக் கட்டத்தில் 'வீடு' என்று எழுதி, மையின்மேல் ஊதினாள்.

"அவ்வளவு உயரத்துல பயமா இருக்காதாப்பா?"

"எந்தக் கட்டடத்துலயும் மேல ஒருத்தன் இருக்கான்மா. மோட்டார் ரூம் அங்கதான். அவன் இழுத்துக்குவான்."

(இந்த வரிக்காக நான் அவரைக் கும்பிட்டேன். வேதம் படித்தவர்கள் இதையே சுற்றி வளைத்துச் சொல்வார்கள்.)

9. முடிவுகள்

அதன்பின் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எங்கே போக வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. எனவே இனிமேல் வருவதெல்லாம் என் பொறுப்பு.

(அ) குடிலில் காவல்காரரின் தூரத்து உறவினர் ஒருவர் நிற்கிறார். கோட்டைப் பார்த்ததும் கண்கலங்கி... வேண்டாம். மலைமேல் இத்தனை சர்க்கரை ஆகாது.

(ஆ) ஒரு நாள் தாமதம். குடிலைப் பிரித்துவிட்டார்கள். எழுதினேன், எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. எண்பது மாடி ஏறி வருகிற முழங்காலுக்கு இப்படியா செய்வது?

(இ) ஏறிவிட்டார்கள். எழுபத்தெட்டாவது மாடியில், குடில் கண்ணுக்குத் தெரியும் கடைசி வளைவில், மகள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்குகிறாள். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருக்கிறது. "நீங்க போய்ட்டு வாங்கப்பா. எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்." அவர் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டு, பையோடு தனியாக நடக்கிறார்.

இங்கேதான் சிக்கல். அன்றைக்குக் கோட்டைக் கொடுத்தவர் யாரும் பார்க்க வேண்டும் என்று கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுப்பதையும் யாரும் பார்க்கக்கூடாது என்பது நடுமாடியின் ஆசை. ஆனால் நான் எழுதினால் நான் பார்த்தவன் ஆகிவிடுவேன். நீங்கள் படித்தால் நீங்களும் சாட்சி. மேலே இருப்பவர் பார்ப்பாரே என்றால், அவரை யாரும் சாட்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே, தயவுசெய்து, இந்தப் பாறைக்கு வாருங்கள். மகளுக்கு அந்தப்பக்கம் இடம் இருக்கிறது. குடிலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். ஆணி இன்னும் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். கோட்டை உதறும் சத்தம் வந்தால் திரும்பாதீர்கள்.

அவர் வரும்போது பை மெலிந்திருக்கும். யாரும் எதுவும் கேட்க வேண்டாம். மகள் எழுந்து கையை மட்டும் நீட்டுவாள். லேசாகத் தூறுகிறது. இந்தமுறை அவள் எந்த ஜன்னலையும் சாத்த வேண்டியதில்லை.