எருமைக்கு நான்கு ஸ்க்ரூ

இருபத்தாறு மணி நேரமாக ஒரு வாக்கியம் தங்கையின் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. பெரிய வாக்கியம்கூட இல்லை, ஐந்தாறு சொல். அதைக் கேட்க வேண்டிய அக்கா, ஒரு நாற்காலிக்கு அப்பால்தான் உட்கார்ந்திருந்தாள்.

பட்டறை அக்காவுடையது. முன்னறையில் விற்பனை, பின்னறையில் வேலை. கிட்டாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர்களை அக்கா வடிவமைப்பாள். பழைய ரேடியோவுக்குள் பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு. தங்கை சால்டரிங் செய்வாள், சோதித்துப் பார்ப்பாள். தங்கை இயற்பியல் பட்டதாரி. வாடிக்கையாளர் வந்தால் பின்னறைக்குள் ஒளிந்துகொள்ள அந்தப் பட்டம் ரொம்ப உதவியது. "உள்ள டெஸ்டிங் நடக்குது" என்று அக்கா சமாளிப்பாள்.

ஆம்ப்புக்குப் பெயர் வைப்பதில் அக்கா கறார். மற்ற பட்டறைக்காரர்கள் வாட்டைப் பெயராக்குவார்கள். பதினெட்டு என்று போட்டிருக்கும், பதினைந்தைத் தாண்டாது. இல்லையென்றால் இடி, புயல், ராஜா. அக்கா ரெக்டிஃபயரைப் பார்த்துத்தான் பெயர் வைப்பாள். சுவரிலிருந்து வரும் மின்சாரம் முன்னும் பின்னுமாக ஓடும். அதை ஒரே திசையில் ஓட வைப்பது ரெக்டிஃபயர். அந்த வேலையை மிளகளவு டயோடு செய்தால், தந்தியைத் தொட்டதும் சத்தம் பாய்ந்து வரும். அந்த வகைக்குக் கீரி என்று பெயர். வால்வு செய்தால், ஓங்கி அடிக்கும்போது வோல்டேஜ் சற்றுத் தளர்ந்து, சத்தம் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு எழும். அந்த வகையில் பட்டறையின் முதல் ஆம்ப்புக்கு எருமை என்று பெயர்.

"கூப்பிட்டா உடனே திரும்பாது. கிளம்பிடுச்சுன்னா நிறுத்த முடியாது. உன்னைப் பாத்துத்தான் வச்சேன்" என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்தே வீட்டில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். வேறு பாராட்டு எதுவும் வரிசையில் நிற்கவில்லை.

நேற்று காலை ஒரு கிட்டார்காரர் எருமையை ஒத்திகைக்கு எடுத்துப் போனார். பிடித்தால் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. தங்கை மேசையைத் துடைத்து, உதிரி பாகங்களை டப்பாவில் போட்டாள். இரண்டு டயோடு குறைந்தது.

டயோடு நடந்து போகாது. ரெக்டிஃபயர் வால்வு வந்துசேரத் தாமதமானபோது, மற்ற பாகங்களைச் சோதிக்க அவள்தான் வால்வைச் செருகும் சாக்கெட்டின் அடியில் அந்த இரண்டையும் சால்டர் வைத்தாள். பிறகு வால்வு வந்தது. மேலே செருகினாள். அழகாக எரிந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடியில் இருந்ததைக் கழற்றவில்லை. ஆக, வேலையெல்லாம் டயோடு பார்த்தது. வால்வோ விளக்கு மட்டும் எரித்துக்கொண்டு பெயர் வாங்கியது. சோதனையில் வோல்டேஜ் ஐம்பது கூடுதலாகக் காட்டியதும் உண்மை. தெருவிலேயே சப்ளை அதிகம் என்று முடிவு கட்டிவிட்டாள். பட்டதாரி அல்லவா, எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த ஐம்பதுதான் இப்போது பயம். ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி இரண்டு வால்வும் அவ்வளவு தாங்கும்படி அக்கா கணக்குப் போடவில்லை. மேடையில் முழுச் சத்தத்தில் ஓடினால் சிவந்துபோய்ப் படுத்துவிடலாம். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மெக்கானிக் முதுகைத் திறப்பார். எருமை என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் கீரி உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போவது அக்காவின் பெயர்.

கிட்டார்காரருக்குச் செய்தி எழுதினாள், அழித்தாள், எழுதினாள். ஒருமுறை "வணக்கம்" வரை அனுப்பியும்விட்டாள். அவர் பதிலுக்கு ஒரு வணக்கம் போட்டார். அத்துடன் அந்த உரையாடல் சுபமாக முடிந்தது. சாப்பிடும்போது அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, "உப்பு" என்றாள். அக்கா உப்பை நகர்த்தினாள்.

இப்போது கிட்டார்காரர் வந்துவிட்டார். முன்னறையில் எருமையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பேரு சரியாத்தான்க்கா வச்சிருக்கீங்க. என் இடுப்பைக் கேட்டாலே சொல்லும்."

"சத்தம் எப்படி தம்பி?"

"நீங்களே கேளுங்க." கிட்டாரைச் செருகி ஓங்கி ஓர் அடி அடித்தார். "பாத்தீங்களா, லேசா மூச்சு வாங்கிட்டு வருது? டயோடுல இது சத்தியமா வராதுக்கா."

அக்கா கண்ணை மூடித் தலையாட்டினாள்.

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூச்சு அவளுக்கும் வாரம் முழுக்கக் கேட்டிருந்தது. விளம்பரத் துண்டில் 'நிதானமாக எழும் ஓசை' என்று எழுதியதே அவள்தான்.

"உங்க தங்கச்சி பேசவே மாட்டாங்களா?"

"பேசுவா. அவளும் வால்வுதான், சூடாக நேரமாகும். ஏய் எருமை, தம்பி கேக்கறார்ல?"

"டீ குடிக்கறீங்களா?" என்றாள் தங்கை.

"இப்பத்தான் குடிச்சேன்ங்க."

அவ்வளவு நேரம் கூட்டிய தைரியம் டீயிலேயே செலவாகிப் போயிற்று.

அக்கா இழுப்பறையிலிருந்து பித்தளைப் பலகையை எடுத்தாள். எருமை என்று செதுக்கி, முதல் எழுத்துக்கு மேல் சின்னதாக இரண்டு கொம்பு. ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்து நீட்டினாள். பலகை மாட்டுகிற வேலையை அவள் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"உன் பேரு. நீயே மாட்டு."

நான்கு ஸ்க்ரூ. முதலாவதைத் திருகும்போது, அவர் வேனில் ஏறியதும் அக்காவிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். இரண்டாவதைத் திருகும்போது, ஊர் போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம். மூன்றாவதில், ஐம்பது வோல்ட்டெல்லாம் ஒரு வோல்ட்டா.

"இன்னிக்கே திறந்தவெளி மேடைக்கா" என்றார் கிட்டார்காரர். "எல்லாத்தையும் ஃபுல்லாத் திருப்பிடப் போறேன். தாங்கும்ல?"

"தாங்கலன்னா என் பேரை மாத்திக்கறேன் தம்பி."

நான்காவது ஸ்க்ரூவைத் தங்கை மேசைமேல் வைத்தாள். மூன்றாவதைக் கழற்றினாள். பிறகு இரண்டாவதை.

"என்னடி, கோணலா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

முதலாவதும் வெளியே வந்தது. பலகை அவள் உள்ளங்கையில் விழுந்தது. வாக்கியம் தயாராக வைத்திருந்ததைவிட நீளமாகவே வந்தது.

"இது கீரிக்கா. அந்த வால்வு சும்மா எரியுது. அதுக்கு அடியில ரெண்டு டயோடு இருக்கு. நான்தான் வச்சேன், கழட்ட மறந்துட்டேன்."