அண்ணி, அது நான் இல்ல

பல் செய்யும் அந்த லேபில் எல்லோருக்கும் அவள் நெட்வொர்க் அக்கா. அண்ணி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள் புருஷனின் தங்கைதான். அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வாலு என்று பெயர். கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்குள் சொல்லிவிட்டு நுழைந்து, ஓட்டை எங்கே என்று காட்டிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவது அவள் உத்தியோகம். பெயருக்கு ஏற்ற பிழைப்புத்தான் என்பாள் அக்கா.

அன்றைக்கு வாலு நுழைந்து காட்ட வேண்டியது அக்காவின் லேபுக்குள்ளேயே. மாலை ஐந்து மணி வரை கெடு.

வினை வாயால் வந்தது. ஊரிலுள்ள பல் ஆஸ்பத்திரிகள் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து ஃபைலாக அனுப்பும். அதை வைத்து இங்கே பல்லை வடிவமைத்து மெஷினில் கடைந்தெடுப்பார்கள். முன்பெல்லாம் அந்த ஃபைல்கள் நேராக உள்ளே இருக்கும் சர்வரில் வந்து விழும். அக்கா முதலாளியிடம் மல்லுக்கு நின்று, நடுவில் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை வைத்தாள்.

"அது என்னம்மா செய்யும்?" என்று கேட்டார் முதலாளி.

"வெளியில இருந்து வர்றவங்க அதோட மட்டும்தான் சார் பேச முடியும். யாரு, என்ன கொண்டு வந்திருக்காங்கன்னு பாத்துட்டு, அதுவே உள்ள போய்க் குடுத்துட்டு, பதிலையும் வாங்கிட்டு வரும். உள்ள எத்தனை மெஷின் இருக்குன்னுகூட வெளியாளுக்குத் தெரியாது."

"அப்ப ஈ எறும்பு நுழையாதுங்கற."

"நுழையாது சார்."

"நல்லதாப் போச்சு. யாரையாவது நுழையச் சொல்லிப் பாத்துருவோம்."

யாரையாவது என்று தேடினால் இந்தத் தொழிலில் முதலில் அகப்படுவது வாலுதான். "அண்ணியா இருந்தாலும் தயவு தாட்சண்யம் கிடையாது சார்" என்று அவள் போனிலேயே சிரித்தாள்.

காலையிலிருந்து அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். வாலு தன் ஆபீசிலிருந்து ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி மாதிரி வேஷம் போட்டு ஒரு ஃபைலை அனுப்பினாள். ப்ராக்ஸி அடையாளச் சான்று கேட்டது, திருப்பி விட்டது. ஸ்கேன் என்று பெயர் வைத்து வேறொன்றைத் தள்ளப் பார்த்தாள். அதுவும் போன வழியே திரும்பியது. ஒவ்வொரு முறையும் திரையில் மறுப்பு என்று ஒரு சிவப்பு வரி விழுந்தது. நடுவில் நிஜ ஆஸ்பத்திரிகளின் ஃபைல்கள் பச்சையாக, தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. பீங்கான் பொடி படிந்த ஏப்ரனோடு ஆட்கள் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். சிவப்பு விழும்போதெல்லாம் "அவுட்!" என்று கத்தினார்கள். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மதியம் சிவப்பு வரிகள் நின்றன. "நாத்தனார் மூட்டையைக் கட்டிட்டாங்க போல" என்றார் யாரோ.

அப்போது மூலையிலிருந்த பிரிண்டர் தானாக உயிர்பெற்று ஒரு தாளைத் துப்பியது. முதலாளி எடுத்து உரக்கப் படித்தார்.

"அண்ணி, சாப்டீங்களா?"

அறையே வெடித்துச் சிரித்தது. அக்கா பாய்ந்துபோய் அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். போனை எடுத்தாள். "எப்படிடி?"

"முன்வாசல்ல நீங்க நல்லாத்தான் நிக்கறீங்க, அண்ணி. பின்வாசல யாரு பாக்கறது? பல்லு கடையற மெஷினுக்கு வெளியிலேருந்து நேரா ஒரு வழி இருக்கு. உங்க ப்ராக்ஸி பக்கமே வரல அது. பாஸ்வேர்டு அந்த மெஷினோட கையேட்டுலயே போட்டிருக்கு. உள்ள வந்தா பிரிண்டர் பக்கத்து வீடு."

மெஷினை நிறுவ வந்தவர்கள், ரிப்பேர் என்றால் தங்கள் இடத்திலிருந்தே பார்ப்பதற்காக ரவுட்டரில் திறந்து வைத்துப் போன வழி அது. அக்கா வேலைக்கு வருவதற்கு முந்தைய கதை. தலையில் அடித்துக்கொள்ள நேரமில்லை. மெஷினின் கம்ப்யூட்டரில் யார் வந்தார்கள் என்ற பதிவைத் திறந்தாள். வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"அதான் வந்துட்டியே, இன்னும் எதுக்குத் தட்டிக்கிட்டே இருக்க?"

"நானா? நான் சாப்பிட்டுட்டிருக்கேன்."

"அப்ப இது யாரு?"

போனில் தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாலுவின் குரல் மாறியிருந்தது. "அண்ணி, அது நான் இல்ல."

சிரிப்பு நின்றது. யாரோ ஒருவன், எங்கிருந்தோ, பயனர் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அட்மின். டெஸ்ட். ஆபரேட்டர்.

"நான் 'சர்வீஸ்'ங்கற பேர்லதான் நுழைஞ்சேன். அவன் பட்டியல்லயும் அது இருக்கும். மூடுங்க அண்ணி, சீக்கிரம்!"

வழியை மூட அக்கா ரவுட்டரின் அமைப்பைத் திரைக்குக் கொண்டுவந்தாள். "நிறுத்துங்கக்கா!" என்று மெஷின்காரர் ஓடி வந்தார். "உள்ள முன்பல்லு கடைஞ்சுக்கிட்டிருக்கு. நியூஸ் வாசிக்கறவரோடது, சாயங்காலம் அவர் கேமரா முன்னாடி உக்காரணும். அந்த நிறத்துல பீங்கான் கட்டி இது ஒண்ணுதான் கைவசம். லைன எடுத்து மெஷின் நின்னுதுன்னா எல்லாம் போச்சு."

அக்காவின் விரல் பொத்தான் மேலேயே நின்றது. சட்டென்று பொறி தட்டியது. "ஏய் வாலு, நீ உள்ளதான இருக்க? மெஷின் வெளியில யாரையாவது கேட்டுக் கேட்டு வேலை பாக்குதா, பாத்துச் சொல்லு."

போனில் வாலுவின் விசைப்பலகை படபடத்தது. "இல்ல அண்ணி. முழு வேலையும் அதுக்குள்ளயே இருக்கு. வெளியாளுங்கதான் அதத் தேடி வர்றாங்க, அது யாரையும் தேடல."

"நிச்சயமா?"

"அண்ணன் மேல சத்தியம்."

"அவர் மேல பண்ணாதடி, எனக்கு இருக்கறது ஒரே புருஷன்!"

சொல்லிக்கொண்டே அழுத்தினாள். வழி மூடியது. ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகளையும் ஒரேயடியாக உதறினாள். அந்தக் கணமே மெஷின் ஓய்ந்தது. மெஷின்காரர் தலையில் கை வைத்தார். அக்கா எழுந்து மெஷினின் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே கைபோன்ற ஒன்று நகர்ந்து, கடையும் ஊசியை மாற்றிக்கொண்டு, மறுபடி 'ங்ங்' என்று பல்லில் இறங்கியது.

"ஊசி மாத்துச்சுக்கா! ஊசிதான் மாத்துச்சு!" மெஷின்காரர் குதித்தார். முதலாளி யார் கையையோ பிடித்துக் குலுக்கினார். போனில் வாலு அலறினாள்: "அண்ணி, என்னையும் சேத்துத் தள்ளிட்டீங்க! சபாஷ்!"

பதிவை அடியிலிருந்து நுனிவரை இருவரும் சேர்ந்து படித்தார்கள். உள்ளே வந்தவள் வாலு ஒருத்திதான். தட்டியவனுக்குக் கதவு திறக்கவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சாப்பாட்டை மறந்து மதியம் முழுக்க வேலை பார்த்தாள். ரிப்பேர்க்காரர்களும் இனி ப்ராக்ஸியிடம் வந்து, சான்றைக் காட்டி, போனுக்கு வரும் எண்ணையும் சொன்னால்தான் மெஷினைப் பார்க்கலாம். மெஷின்களையும் பிரிண்டரையும் சர்வரையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டாள். ஒன்றில் நுழைந்தவன் இன்னொன்றுக்குத் தாவ முடியாது. வாலு விடாமல் மோதினாள். சிவப்புக்கு மேல் சிவப்பு விழுந்தது.

ஐந்து அடித்ததும் அவளே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, யாரு ஜெயிச்சது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

படியிறங்கும்போது வாலு அக்காவின் கையைக் கோர்த்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை எங்க ஆபீசுக்கு வாங்க அண்ணி. நீங்க உடைங்க, நான் காவல் நிக்கறேன்."

"அழக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அவள் மனசு அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.