துண்டு போட்ட வீடு

கோதண்டம் தன் மனைவி சௌந்தரத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் நீலத்தில் தட்டு அகலத்துக்குச் சூரியகாந்திப் பூப்போட்ட சேலை உடுத்தியிருந்தாள். வீடும் அதையே உடுத்தியிருந்தது.

தபால்பெட்டித் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான். உள்ளே இருப்பவர்கள் காலையில் எதை உடுத்துகிறார்களோ அதை வீடும் உடுத்திக்கொள்ளும். துணியின் நீளத்துக்கு ஏற்பச் சுவரில் பங்கு. ஐந்தரை மீட்டர் சேலை வாசலையும் கூடத்தையும் சமையல்கட்டையும் எடுத்துக்கொண்டது. கோதண்டத்தின் சட்டைக்கும் வேட்டிக்கும் பின்பக்கத்துக் குளியலறையும், அதை ஒட்டிய ஒரு முழச் சுவரும் கிடைத்தன. பஸ் கண்டக்டராக இருந்த முப்பத்து நான்கு வருடமும் அந்த இடம் காக்கியாக இருந்தது. ஓய்வு பெற்றபின் சாம்பல் நிறமானது. அவரிடம் ஐந்து சட்டைகள் இருந்தன. ஐந்தும் சாம்பல்.

யாராவது குளிக்கப் போனால் அவர் பங்குச் சுவர் வெறும் செங்கலாக நிற்கும். அப்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பது தெருவின் மரியாதை.

அன்று காலை சௌந்தரம் வெளிக்கதவுக்கு அப்பால் போய் நின்று வீட்டைப் பார்த்தாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள். அவளுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை. ஜன்னலுக்குக் கீழே கொசுவம் கோணியிருந்தது. இடுப்பில் கையை விட்டுச் சரிசெய்தாள், சுவரும் நேரானது.

"சேலை எப்படி இருக்கு?" என்றாள்.

"இருக்கு" என்றார் கோதண்டம்.

"இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்க குளியலறையைப் பாருங்க, எழவு விழுந்த வீடு மாதிரி. ஒரு நல்ல சட்டை போட்டா குறைஞ்சா போயிருவீங்க?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்."

அவள் ஏழு பத்து பஸ்ஸில் ஏறினாள். அண்ணன் ஏகாம்பரத்தின் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் கேசரி சாப்பிட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பதினொன்று இருபதுக்குத் தலையைச் சாய்த்தாள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தித்தான் எடுத்தார்கள். சூரியகாந்திச் சேலை மஞ்சள் பையில் மடித்துத் திரும்பி வந்தது.

இறந்தவர்களின் உடுப்பை வீடு உடனே களைவதில்லை. அமாவாசைக்கு ஒரு சுவராக விட்டுக்கொடுக்கும். முதலில் வாசல் சாம்பலானது. பிறகு கூடத்தின் நான்கு பக்கமும். பதினோராவது அமாவாசை முடிந்தபோது சமையல்கட்டில் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவர் மட்டும் மிஞ்சியது. அதில் ஒன்பது பூ. கோதண்டம் அந்தச் சுவரைப் பார்த்தபடி தன் காபியைத் தானே போட்டுக் குடிப்பார். தலைத்திவசத்தன்று, உயிர் பிரிந்த அதே நேரத்துக்கு, அதுவும் போய்விடும்.

போகாமலிருக்க ஒரே வழிதான் உண்டு. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் அதே துணியை உடுத்தியிருந்தால், மாறுவதற்குச் சுவருக்கு எதுவும் இருக்காது. அப்படியே நின்றுவிடும், பிறகு ஒருநாளும் மாறாது. பால்காரர் வீட்டில் அவர் தாயாரின் சுங்குடிச் சுவர் அப்படி நின்றதுதான். மருமகள் அன்று மாமியாரின் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

திவசத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கோதண்டம் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு சிக்கந்தர் பாயின் தையல் கடைக்குப் போனார்.

பாய் சேலையை மேசையில் விரித்தார். மேசை போதவில்லை. மிச்சம் தரையில் கிடந்தது.

"என்ன தைக்கணும்ணே? மெத்தை உறையா?"

"சட்டை."

"யாருக்கு?"

"எனக்கு."

பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு பூவே ஒரு தட்டு அகலம் இருக்கு. உங்க உடம்புக்கு மொத்தம் மூணு பூதான் தாங்கும். எங்கெங்க வைக்க?"

"நெஞ்சுல வச்சா வீட்ல எங்க வரும்?"

"வாசல்ல."

"முதுகுல?"

"பின்பக்கக் குளியலறை."

"வயித்துல?"

"சமையல்கட்டு. வேற எங்க வரும்?"

"அப்ப வயித்துல நல்ல பூவா ஒன்னு வைங்க. நெஞ்சுல ஒன்னு, முதுகுல ஒன்னு."

கத்தரியை வைக்கும் முன் பாய் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கோதண்டம் தலையசைத்தார். துணி கிழிபடும் சத்தத்தை அவர் கடைசிவரை நின்று கேட்டார்.

சட்டை வந்த அன்று காலை உடுத்திக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் பை தொங்கிய தோள். ஓய்வுக்குப்பின் அங்கே துண்டு வந்தது. வெறும் தோளோடு அவரைத் தெரு பார்த்ததில்லை. இன்று துண்டைச் சற்று அகலமாகவே விரித்து, நெஞ்சுப் பூவை மூடிப் போட்டிருந்தார்.

வீடு நீலமாகியிருந்தது. பூக்களும் வந்திருந்தன. ஆனால் இடது மூலையிலிருந்து வலப்பக்கப் படிவரை குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை. அதற்குள் வாசல்கதவு மறைந்துபோயிருந்தது. தபால்காரர் இரண்டு முறை சுற்றிவந்து, கதவைக் காணாமல், கடிதத்தை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

எதிர்வீடு பிலோமினா டீச்சருடையது. பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு எப்போதும் கறுப்பு வெள்ளைக் கட்டமாக இருக்கும், ஒரே ஒரு ஜன்னல் மட்டும் ரத்தச் சிவப்பு. அது அவர் நெற்றியில் வைக்கும் பெரிய பொட்டு. கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன கண்டக்டரே, வீடு துண்டு போட்டிருக்கு?"

"பழக்கம் டீச்சர்."

"பழக்கமில்ல, கூச்சம். புதுப்பொண்ணு கூட இப்படி மூடிக்கிட்டு நிக்கமாட்டா. துண்டு போட்ட வீட்டுல எந்தச் சுவரும் நிக்காது, தெரியுமில்ல?"

கோதண்டத்துக்குத் தெரியும். மறுநாள் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டார். ஆனால் சட்டை தனியாகக் கிடப்பது போலத் தோன்றவே, துணைக்குச் சிவப்புக் கட்டம் போட்ட கைலியை உடுத்தி, தலைக்குப் பச்சைத் தொப்பியும் வைத்துக்கொண்டார். திண்டாட்டம் வேறு விதமாக வந்தது. தரை முழுக்கச் சிவப்புக் கட்டமானது, மொட்டை மாடி பச்சையானது. மாடு ஒன்று மாடிக்கு ஏற வழி தேடிக்கொண்டு படியருகே நின்றது.

டீச்சர் இந்த முறை தெருவைக் கடந்துகூட வரவில்லை. தன் சிவப்பு ஜன்னலிலிருந்தே சொன்னார்.

"மூணு பேர் ஒரே நேரத்துல கத்துனா யார் பேச்சுக் காதுல விழும்? ஒருத்தர் கத்தட்டும். மத்தவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்."

கோதண்டம் வெள்ளை வேட்டிக்கு மாறினார். தொப்பியைக் கழற்றினார். மிச்சத் துணியில் கூடத்து ஜன்னல்களுக்கும் பூப்போட்ட திரை தைக்க அவர் கிளம்பியதை டீச்சரே வேண்டாமென்று தடுத்து, வெறும் நீலத் துணியைத் தொங்கவிட்டார். மிஞ்சிய சேலைத் துணியில் ஒரே ஒரு தலையணை உறை தைத்து, கோதண்டத்தின் நாற்காலியில் வைத்தார். "அறைக்கு ஒரு வாயாடி போதும்" என்றார். கூடம் பார்ப்பதற்கு, யாரோ நல்ல செய்தி சொல்லி முடித்த மாதிரி இருந்தது.

ஆனால் வீட்டுக்குள் தைரியமாக இருப்பது கணக்கில் சேராது. வெறும் தோளோடு வெளியே பழகவேண்டும். ஆகவே கோதண்டம் தினமும் புறப்பட்டார். முதல் நாள் தெருமுனைவரை, இரண்டாம் நாள் காய்கறிச் சந்தைவரை. கை தன்பாட்டுக்குத் தோளுக்குப் போய்த் துண்டைத் தேடும். தேடிவிட்டுத் திரும்பி வரும். அவர் கையைத் திட்டவில்லை.

ஐந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டுக்கே போனார். பழைய சகாக்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே வாங்க! இது ரூட் பஸ்ஸா, டூரிஸ்ட் பஸ்ஸா?"

"பாயிண்ட் டு பாயிண்ட்" என்றார் கோதண்டம். "நடுவுல எங்கயும் நிக்காது."

"தேனீ கொட்டிரப்போகுது, பாத்து!"

"கொட்டுனா கொட்டட்டும். பூன்னு தெரிஞ்சுதானே வருது."

அவர்களோடு நின்று டீயை மெதுவாகக் குடித்தார். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. கதவு தெளிவாகத் தெரிந்தது.

திவசத்தன்று ஏகாம்பரம் காலையிலேயே வந்துவிட்டார். வாழையிலைக் கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, தங்கை புருஷனை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, என் தங்கச்சிக்குத் திவசம் குடுக்க உக்காந்திருக்கீகளா, இல்ல மறுகல்யாணத்துக்கா?"

"சுவருக்காக உக்காந்திருக்கேன் மச்சான்."

"அது சரி. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் போன வாரமே சொல்லி முடிச்சிருச்சு."

ஏகாம்பரம் போய்ச் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தார். பூக்களின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்து வாழையிலை நறுக்க உட்கார்ந்தார்.

புரோகிதர் பத்தே முக்காலுக்கு வந்தார். தர்ப்பை, எள், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். மணி பதினொன்று ஐந்தானபோது நிமிர்ந்தார்.

"சட்டையைக் கழட்டிடுங்கோ."

கோதண்டம் இதை மட்டும் யோசித்திருக்கவில்லை. முப்பது வருடமாக அப்பாவுக்குத் திவசம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றியவருக்கு, இந்தப் பதினைந்து நாளில் ஒருமுறைகூட அது நினைவுக்கு வரவில்லை. கழற்றினால் வீடு செங்கலாகும். பதினொன்று இருபதுக்கு அந்தச் சுவரும் செங்கலாகும்.

"கழட்டமாட்டேன் சாமி" என்றார்.

"வெறும் மேலோட கொடுக்கறதுதான் முறை."

"முறை தெரியும். ஆனா கழட்டமாட்டேன்."

புரோகிதரும் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்வருபவர்தான். சற்று யோசித்தார். "சரி, இருக்கட்டும். மேல ஒரு துண்டாவது போத்திக்கோங்கோ. மரியாதைக்கு."

ஏகாம்பரம் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். கோதண்டத்தின் கை தன்பாட்டுக்கு அதை வாங்கிக்கொண்டது. துண்டு தோள்வரை போனது. மணி பதினொன்று பன்னிரண்டு.

அங்கே நிறுத்தினார்.

"தோள்ல போடமாட்டேன். சாமி முன்னால நிக்கிறவன் துண்டை எங்க கட்டுவான்?"

"இடுப்புல" என்றார் புரோகிதர்.

"அதுவும் மரியாதைதானே?"

"அதுதான் பெரிய மரியாதை."

இடுப்பு வீட்டில் எங்கே வரும் என்று அவர் சிக்கந்தர் பாயிடம் கேட்டிருக்கவில்லை. நெஞ்சையும் முதுகையும் வயிற்றையும் கேட்டவர் இடுப்பை விட்டுவிட்டார். வயிற்றுக்கு அடுத்தது இடுப்பு. ஒரு விரற்கடை மேலே ஏறினால் சமையல்கட்டு. துண்டை நான்காக மடித்து, வேட்டி முடிச்சுக்கு மேல், எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிக் கட்டினார்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"அஸ்திவாரத்துல வந்திருக்கு கண்டக்டரே! சுத்தி ஒரு வெள்ளைக் கரை. நல்லாத்தான் இருக்கு!"

கோதண்டம் எள்ளும் தண்ணீரும் விட்டார். புரோகிதர் சௌந்தரத்தின் பெயரைச் சொல்லச் சொன்னார், சொன்னார். பதினொன்று இருபதுக்குச் சமையல்கட்டில் சேலை உதறும் சத்தம் ஒன்று கேட்டது. ஏகாம்பரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓரமெல்லாம் நிறம் கூடியிருக்கு" என்றார். "நின்னுருச்சு மாப்ள."

காக்கைக்குச் சோறு வைத்தபிறகு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். கோதண்டம் வெளிக்கதவுக்கு அப்பால் போய், சௌந்தரம் நிற்கும் இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே வேட்டி மடிப்பு கோணியிருந்தது. இடுப்பில் கையை விட்டுச் சரிசெய்தார்.

"நல்லா இருக்கு" என்றார். ஒரு வருடம் கழித்துச் சொன்னாலும், கேட்கும்படி சொன்னார்.

அவ்வளவு உடுத்தியபின் யாரும் வீட்டில் இருப்பதில்லை. வீடும் புறப்பட்டது. முதலில் வாசற்படியைத் தூக்கிக்கொண்டது. பிறகு தாழ்வாரம் இறங்கியது, கூடம் பின்னாலேயே வந்தது. கடைசியாகக் குளியலறை, நீலமும் பூவுமாக, ஓட்டமும் நடையுமாகச் சேர்ந்துகொண்டது. டீச்சர் தன் வெளிக்கதவைச் சாத்தி வழிவிட்டார். வீடு தெருமுனையில் திரும்பி, பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் சற்று வேகமாக நடந்தது.

ஏகாம்பரம் எதிர்வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகளை எடுத்துவந்து நிழலில் போட்டார். புரோகிதருக்கு மோர் கொடுத்தார்கள்.

நிழல் சமையல்கட்டுச் சுவருடையது. அது போகவில்லை. மனையின் நடுவில், அடுப்புக்குப் பின்னால், தனியாக நிற்கிறது. ஒன்பது பூ.